ஸைன்ஹுமுக்கு ஒரு ஃபாத்திஹா

என் வண்டியின் கூரையில் ஒரு தட்டு தட்டினால் கிளம்பு என்று அர்த்தம். இரண்டு தட்டினால் நிறுத்து. இருபது வருஷமாக எங்களுக்கு இதுதான் சட்டம், எந்த மந்திரி வந்தும் இதை மாற்றவில்லை. விடியும் நேரத்தில் பன்னிரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவேன். மதியத்துக்கு மேல் அதே பன்னிரண்டு பேரை, மாவு மில்லில் புரட்டி எடுத்ததுபோல, வெள்ளை வெளேரென்று ஊரில் இறக்கிவிடுவேன். பன்னிரண்டு பேரில் கூரையைத் தட்டும் உரிமை ஒருவனுக்குத்தான். ரொம்ப நாள் அது ஸைன்ஹுமிடம் இருந்தது.

"ஏலே, தகரம் உங்கப்பன் வீட்டுச் சொத்தா? இந்த அடி அடிக்கே?" என்று கத்துவேன்.

"எங்கப்பன் வீட்டுல சொத்து இருந்தா உன் ஓட்டை வண்டியில எதுக்கு ஏறுதேன் உஸ்தா?" என்பான்.

வண்டி ஓட்டுகிறவனை எங்கள் பக்கம் உஸ்தா என்பார்கள். என் பெயர் ஃபராஜ் என்பது என் பெண்டாட்டிக்கே பாதி நாள் ஞாபகம் இருக்காது.

நஸ்லத் ஸஹ்ரான் ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது. வயல் என்று ஒரு கூப்பிடு தூரம், அதற்கப்புறம் மலை, மலை முழுக்க வெள்ளைக்கல். மேற்குக் கரைக்காரர்களுக்கு நைல் சோறு போடுகிறது, எங்களுக்கு மலை போடுகிறது. போட்டதைப் பல சமயம் திருப்பியும் எடுத்துக்கொள்கிறது. தண்டவாளம் போட்டு, அதன்மேல் ரம்பச் சக்கரத்தை ஓட்டி, தரையிலேயே கல்லை வரி வரியாக அறுப்பார்கள். மின்சாரக் கம்பி உறை கிழிந்து காலடியில் கிடக்கும். தூசியில் முன்னால் நிற்பவன் தெரியமாட்டான். ஸைன்ஹுமின் இடுப்பின் மேல் கல் அடுக்கு சரிந்த அன்றும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. மஹ்ரூஸ் என்கிற பெரியவர்தான் வெறுங்கையால் கல்லைப் பிடுங்கிப் போட்டு அவனை இழுத்தார். என் வண்டி வரைக்கும் முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அன்றைக்கு விழுந்த கல் அவருடைய சிறுநீரகத்தையும் ஒரு தட்டு தட்டிவிட்டதோ என்னவோ, அதற்கப்புறம் அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

ஸைன்ஹும் இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தம்பி ஷஹாத்தாவின் வீட்டில், என் வீட்டுச் சுவரை ஒட்டிய அறையில் கிடந்தான். தம்பி பெண்டாட்டி இன்ஸாஃப் அவனைக் குளிப்பாட்டினாள், புரட்டிப் போட்டாள், புண்ணைக் கழுவினாள். வலி வரும்போது அவன் சுவரைத் தட்டுவான், என் கூரையைத் தட்டிய அதே உலக்கைக் கையால். எனக்குக் கேட்கும். இரண்டு தட்டு. எதை நிறுத்தச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த வண்டியை நான் ஓட்டவில்லையே. ஆஸ்பத்திரிக்காரர்கள் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள், மாசத்துக்கு இரண்டு அட்டை டிரமடால், வலி மாத்திரை. அதுதான் அவனைத் தூங்கவைத்தது.

டிரமடால் எங்கள் மலையில் யாருக்கும் புதுசில்லை. சிவப்பு மாத்திரையை ஸ்ட்ராபெரி என்போம். காலைத் தேநீரில் அரை மாத்திரை போட்டால் ரம்பம் கனக்காது, முதுகு வலிக்காது, பெண்டாட்டி திட்டினது ஞாபகம் வராது. யோக்கியன் மாதிரி சொல்லவில்லை, என் வண்டியின் கண்ணாடி மறைப்புக்குப் பின்னாலும் ஒரு பாதி எப்போதும் இருக்கும்.

ஸைன்ஹும் ஒரு சனிக்கிழமை, அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்த கையோடு செத்துப்போனான். அவனைப் புதைத்த மூன்றாவது வாரம் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது.

"கேட்டியா உஸ்தா? நம்ம ஸ்ட்ராபெரிக்குப் பதவி உயர்வாம்" என்றான் மறுநாள் ஏறும்போது ஒருத்தன். "மூணாம் அட்டவணையில இருந்து முதல் அட்டவணைக்குப் போயிருச்சு."

"நாம ரயில்ல இன்னும் மூணாம் வகுப்புதான். மாத்திரை முதல் வகுப்புல போகுது பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். மஹ்ரூஸ் மட்டும் தன் வழக்கமான இடத்தில், மூலையில் மாற்றுச் சக்கரத்தின் மேல், கோணலாக உட்கார்ந்துகொண்டே சொன்னார்: "சிரிங்கடா, சிரிங்க. அந்த முதல் அட்டவணையில வேற யாரு உக்காந்திருக்கா தெரியுமா? அபினும் ஹெராயினும். நேத்து வரைக்கும் சட்டைப்பையில இருந்தா மருந்து. இன்னைக்கு இருந்தா ஜெயிலு. பை அதே பைதான், மாத்திரையும் அதே மாத்திரைதான்."

அந்த வாரமே ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடையைப் பூட்டிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் மலைக்குப் போகும் சாலையில், வயல் முடிகிற இடத்தில், இரண்டு பீப்பாயும் ஒரு கம்பும் வைத்துச் சோதனைச்சாவடி போட்டார்கள். கண்ணாடி மறைப்புக்குப் பின்னால் இருந்த என் பாதியை எடுத்தேன். எறிய மனசு வரவில்லை, விழுங்கிவிட்டேன். அதற்கப்புறம் நான்கு நாள் மூக்கு ஒழுகி, எலும்பெல்லாம் குடைந்து, ஸ்டீரிங்கைப் பிடித்தால் கை ஆடியது. வண்டி ஓட்டுகிற எனக்கே இப்படி என்றால் ரம்பம் பிடிக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அப்போது யோசித்தேன். ஷஹாத்தாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அவன் இடக்கையில் ஏற்கெனவே இரண்டு விரல் இல்லை. ஆனால் அவன் கை மட்டும் ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஸைன்ஹும் செத்து நாற்பது நாள் ஆனது. அன்றைக்குப் புதன்கிழமை. மலையிலிருந்து திரும்பி, காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஷஹாத்தாவின் குரல் உயர்ந்தது. பெண்டாட்டியிடம் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்சுவர் ஏறிக் குதித்து வந்தான். உடம்பில் இன்னும் கல்தூசி அப்பியிருந்தது. வந்தவன் நேராக வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"கதவைச் சாத்து உஸ்தா."

"நிக்குத வண்டி வே. எங்க போறதுக்குக் கதவைச் சாத்தணும்?"

"சாத்து அண்ணே, சொல்லுதேன்."

சாத்தினேன்.

"எங்க அண்ணன் மருந்துப்பையை அவ தர்மத்துக்குக் கொடுத்துட்டா."

"நல்லதுதானே. நாப்பதாம் நாள் கொடுக்கதுதானே முறை?"

"நாப்பது இன்னைக்கு இல்ல அண்ணே, நாளைக்கு. அண்ணன் மஃரிப் கழிச்சுத்தானே மவுத்தானான்? பொழுது சாஞ்சா மறுநாள் கணக்குதானே? ஞாயித்துக்கிழமையில இருந்து எண்ணுனா வியாழன்தானே வரும்? அவ சனிக்கிழமையில இருந்து எண்ணியிருக்கா. நான் இன்னைக்கு ராத்திரி எடுத்துருவோம்னு இருந்தேன்."

"என்னத்தை எடுக்க?"

அவன் வெளியே பார்த்தான். அப்புறம் என் காதோடு சொன்னான்.

"பதினெட்டு அட்டை."

"பதினெட்டா! ஏலே, எருமைக் கூட்டத்துக்கா வைத்தியம் பாக்கப் போறே?"

"சத்தம் போடாத அண்ணே. அட்டவணை மாறப்போகுதுன்னு மருந்துக்கடைக்காரரு முன்னாடியே சொன்னாரு. இனிமே கிடைக்காதுன்னாரு. அது இல்லாம நான் ரம்பத்தைப் பிடிச்சா இந்தக் கையும் போயிரும், உனக்குத் தெரியாதா? வீட்டுல எங்க வச்சாலும் பொடிசுக எடுத்துருமோன்னு பயம். மவுத்தானவன் சாமானை நாப்பது வரைக்கும் யாரும் தொடமாட்டாங்கல்லா, அதான் அவன் பைக்குள்ளேயே வச்சேன். ஆணியில தொங்குச்சு. இப்போ ஆணி மட்டும் இருக்கு."

இன்ஸாஃப் வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் மாவு. வெந்தயம் போட்டுப் பிசைந்த பத்தாவு ரொட்டி மாவின் வாசனை வண்டிக்குள்ளே வந்தது.

"என்னையத்தான் திட்டுதான் அண்ணே" என்றாள். "இவன் ஒளிச்சு வச்சதை நான் என்ன கனவா கண்டேன்? ரெண்டு வருஷம் அந்த மனுஷனுக்குப் பண்ணினேன். கடைசியா நல்லபடியா ஒண்ணு பண்ணுவோம்னுதான் பையைத் துவைச்சு, மேல காகிதம் ஒட்டி அனுப்பினேன்."

"என்ன காகிதம்?" என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"என்ன கேக்கே? எல்லாரும் ஒட்டுததுதான், மவுத்தானவங்க பேரும் ஊரும். மர்ஹூம் ஸைன்ஹும், நஸ்லத் ஸஹ்ரான், எடுக்கிறவங்க அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கன்னு. பெயர் போடாமக் கொடுத்தா யாருக்குன்னு ஓதுவாங்க?"

ஷஹாத்தா நெற்றியை வண்டியின் முன்பலகையில் முட்டிக்கொண்டான். ஸைன்ஹும் மிச்சம் வைத்த இரண்டையும் சேர்த்து முதல் அட்டவணை மருந்து இருபது அட்டை, அதன்மேல் பெயரும் ஊரும். திருடன்கூட முகவரி எழுதி வைத்துவிட்டுப் போகமாட்டான். நாங்கள்தான் எழுதுவோம். புண்ணியம் வழிமாறிப் போய்விடக்கூடாதே.

உடனே ஓடினால் ஊர் கேள்வி கேட்கும் என்று அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் மலையிலிருந்து வந்ததும் குளிக்காமல்கூட இரண்டு பேரும் பள்ளிவாசல் மருந்தகத்துக்குப் போனோம். பள்ளிவாசலின் பக்கத்து அறை அது. ஊரில் மிச்சமாகும் மருந்தெல்லாம் அங்கே வரும், இல்லாதவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். டாக்டர் அம்மா வாரத்தில் ஒருநாள்தான் வருவாள். மற்ற நாளெல்லாம் ஹாஜி தசூக்கியின் ராஜாங்கம். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதைக் கண்டாலும் உறையில் போட்டு ஒட்டிவிடுவார்.

வழியில் ஷஹாத்தா கேட்டான்: "எப்படி அண்ணே கேக்கது?"

"மாத்தி வந்துருச்சுன்னு சொல்லு. பையில வீட்டுப் பத்திரம் இருந்துச்சுன்னு சொல்லு. ஏதாவது சொல்லு."

அவன் வீட்டுப் பத்திரம் என்று ஆரம்பித்தான். ஹாஜி முழுசாகக் கேட்கவில்லை.

"தர்மத்தைத் திருப்பிக் கேக்க வந்தியாடா?" என்றார். "கொடுத்ததைத் திருப்பிக் கேக்கிறவன் கக்குனதை நக்குற நாய்க்குச் சமம். படிச்சதில்லையா நீ?"

"இல்ல ஹாஜி, அந்தச் சிவப்பு மாத்திரை மட்டும்..."

"ஓ, அதுவா?" ஹாஜியின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. "உங்க அண்ணனுக்குச் சொர்க்கம்தான்டா. என்னா கூட்டம் நேத்து! கடையில எங்கயும் கிடைக்கலையாமே இப்போ? இடுப்பு வலி, பல் வலி, கல்லடைப்பு, எல்லாரும் வந்துட்டாங்க. அட்டை அட்டையாக் கொடுத்தா இருபது பேருக்குத்தான் வரும்னு வெட்டி, நாலு நாலா உறையில போட்டுக் கொடுத்துட்டேன்."

"உறையில..." என்றான் ஷஹாத்தா.

"சும்மா கொடுப்பேனா? ராத்திரி வரைக்கும் உக்காந்து ஒவ்வொரு உறையிலயும் எழுதினேன். மர்ஹூம் ஸைன்ஹும், நஸ்லத் ஸஹ்ரான், ஒரு ஃபாத்திஹா. உங்க வீட்டுக்காரி ஒரு காகிதந்தான் எழுதுனா. நான் அம்பது எழுதியிருக்கேன். அம்பது வாயி ஓதும்டா உங்க அண்ணனுக்கு!"

"ஹாஜி" என்றேன் நான். "அந்த மாத்திரையை முதல் அட்டவணையில போட்டுட்டாங்க, தெரியும்ல?"

"அரசாங்கத்துக்கு ஆயிரம் அட்டவணை இருக்கும் உஸ்தா. வலிக்கு ஒரே அட்டவணைதான்." அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். ஷஹாத்தாவின் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் மருந்து அலமாரியைப் பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "ஏன், அவ்வளவு மோசமா?" என்றார்.

வெளியே வந்ததும் ஷஹாத்தா தெருவோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அது பயத்தினாலா, ஒருநாள் மாத்திரை போடாததாலா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மலை லீவு. அம்ஷீர் மாசத்துக் காற்று அன்றைக்குப் பார்த்துக் கிளம்பியது. மலைத்தூசி மொத்தமும் ஊருக்குள் இறங்கி, பட்டப்பகலில் விளக்குப் போடவேண்டி வந்தது. தொழுகைக்கு ஷஹாத்தா வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அண்ணன் கிடந்த அறையில், அதே கட்டிலில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். இன்ஸாஃப் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ரொட்டி சுட்டு அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகச் சுட்டுவிட்டாள்.

தெருவில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. ரொட்டிப் பலகை அவள் கையிலேயே நின்றது. சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அடங்கியது. காஸ் உருளை விற்கிறவன். உருளையில் சாவியால் டங் டங்கென்று தட்டிக்கொண்டே போனான்.

"அம்பது உறை அண்ணே" என்றாள் அவள் மெதுவாக. "ஒருத்தன் மாட்டுனா போதும், ஊர் பேரு இருக்கு. வந்து ஸைன்ஹும் வீடு எதுன்னு கேட்டா சின்னப்புள்ளகூடக் கை காட்டும். இவனைக் கூட்டிட்டுப் போயிட்டா நான் ரெண்டு பொட்டைப்புள்ளயளை வச்சுக்கிட்டு என்ன செய்வேன்?"

"மாட்டமாட்டான். எல்லாரும் வலிக்கு வாங்குனவங்க. வீட்டோட போட்டுத் தூங்குவாங்க" என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை. வெந்த வெங்காயமும் பழைய பாலாடைக்கட்டியும் வைத்து ரொட்டி கொடுத்தாள். எனக்கு இறங்கவில்லை. வேண்டாம் என்றால் அவள் இன்னும் பயப்படுவாளே என்று தின்றேன்.

சனிக்கிழமை காலையில் காற்று நின்றிருந்தது. குளிர் மட்டும் இருந்தது. ஷஹாத்தா வந்தான், கண் உள்ளே போய், தலைப்பாகையை முகத்தோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு. வேலைக்குப் போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று அவனாக முடிவு பண்ணியிருந்தான். யாரோ ஒரு தட்டு தட்டினார்கள். கிளம்பினேன்.

வயல் முடிகிற இடத்தில் கம்பு குறுக்கே கிடந்தது. வழக்கமாக ஒரு சிப்பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பைத் தூக்குவான். அன்றைக்கு ஓர் அதிகாரி நின்றான், மீசை சரியாக முளைக்காத வயசு, புத்தம்புதுக் கோட்டு.

"எல்லாரும் இறங்குங்க. வண்டிப் பக்கம் திரும்பி நில்லுங்க. கையைத் தூக்கித் தகரத்துல வை."

பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். சிப்பாய் ஒவ்வொரு பையாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தான். ரொட்டி, வெங்காயம், தேயிலைப் பொட்டலம், துணி. மஹ்ரூஸிடம் வந்தான். அவருடைய மேலங்கிக்குள் கைவிட்டான். ஒரு சின்ன உறை வந்தது. தபால் ஆபீஸ்காரர் ஒட்டின மாதிரி மடிப்புக் கலையாத உறை.

அதிகாரி பிரித்தான். மூன்று சிவப்பு மாத்திரை.

"எங்க கிடைச்சுது?"

"தர்மமா வந்துச்சு பாஷா. கல்லடைப்பு. வலி தாங்கல." எந்த அதிகாரியாக இருந்தாலும் எங்களுக்குப் பாஷாதான்.

"யார் கொடுத்தது?"

மஹ்ரூஸ் மருந்தகம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஹாஜியைப் பிடிப்பார்கள், டாக்டர் அம்மாவைப் பிடிப்பார்கள். "வழியில ஒரு நல்ல மனுஷன் கொடுத்தாரு" என்றார்.

அதிகாரி உறையைத் திருப்பினான். மேலே இருந்ததைச் சத்தமாகப் படித்தான்: "மர்ஹூம் ஸைன்ஹும், நஸ்லத் ஸஹ்ரான். அன்னாருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதவும்."

செத்தவன் பெயரைச் சொல்லி ஃபாத்திஹா என்று காதில் விழுந்தால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. பால் கறந்துகொண்டிருப்பவன்கூடக் கறப்பதை விட்டுவிடுவான். தகரத்தில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கி, நெஞ்சுக்கு முன்னால் உள்ளங்கை விரிந்து நின்றன. சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கையை ஏந்தினான். நானும் ஏந்தினேன். அதிகாரியின் உதடுகூட அசைந்தது, உறையைப் பிடித்தபடியே ஓதிவிட்டான். கொஞ்ச நேரம் அந்தச் சாலையில் முணுமுணுப்புத் தவிர வேறு சத்தமே இல்லை. முடித்து எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டோம்.

ஒருத்தன் மட்டும் தகரத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் கையில் மூன்று விரல்தான் இருந்தது.

அதிகாரி பார்த்துவிட்டான்.

"ஏய், நீ ஏன் ஓதல? கிறிஸ்தவனா?" கிட்டே வந்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான், எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் குத்திக்கொள்ளும் சிலுவைப் பச்சை இருக்கிறதா என்று. இல்லை. "எந்த ஊரு?"

"நஸ்லத் ஸஹ்ரான், பாஷா."

"இந்த ஸைன்ஹும் உனக்கு யாரு?"

நான் வண்டியின் முன்பக்கம் நின்றேன். மஹ்ரூஸ் அவனுக்கு அடுத்து நின்றார், சிப்பாயின் பிடி அவர் கழுத்தில் இருந்தது. அவர் ஷஹாத்தாவைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்ல பாஷா" என்றான் ஷஹாத்தா. "எனக்குத் தெரியாது."

"உன் ஊர்ல செத்தவனை உனக்குத் தெரியாது?"

"எங்க ஊர்ல ஸைன்ஹும் நிறைய பேரு இருக்காங்க பாஷா."

அதிகாரிக்குக் குளிர், பசி. அன்றைய கணக்குக்கு ஓர் ஆள் கிடைத்தாயிற்று. மஹ்ரூஸைச் சாவடியின் பின்னால் நின்ற நீல வண்டியில் ஏற்றச் சொன்னான். படி உயரமாக இருந்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரால் ஏற முடியவில்லை. சிப்பாய் தள்ளி ஏற்றினான். எங்களைப் போகச் சொன்னார்கள். கூரையைத் தட்ட யாருக்கும் கை வரவில்லை, நானாகக் கிளப்பினேன்.

மதியம் திரும்பும்போது ஷஹாத்தா முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் அவனோடு யாரும் பேசவில்லை போலிருக்கிறது.

"நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா அண்ணே?"

"என்ஜின் சத்தம்" என்றேன்.

"என்ஜினை அணைச்சுத்தானே வச்சிருந்தே?"

நான் கியரை மாற்றினேன். அவன் வீடு வரைக்கும் அழுதான், தூசி முகத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியது.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் போயிருந்தது. இன்ஸாஃப் வாசலில் நின்றாள், வெளியே போகும் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு. கையில் ஒரு காகிதம். ஆஸ்பத்திரி முத்திரை போட்ட ஸைன்ஹுமின் மருந்துச் சீட்டு.

"வண்டியைத் திருப்பு அண்ணே" என்றாள். "புள்ளயளை உங்க வீட்டுல மதினிகிட்ட விட்டுட்டேன்."

"எங்க போறே?" என்றான் ஷஹாத்தா.

"சாவடிக்கு. இது டாக்டர் சீட்டுல வாங்குன மருந்து, எங்க வீட்டுல இருந்து தர்மத்துக்குப் போனது, மஹ்ரூஸ் திருடவும் இல்ல விக்கவும் இல்லன்னு சொல்லப் போறேன்."

"கூறு கெட்டுப் போச்சா உனக்கு? சீட்டுல மாசம் ரெண்டு அட்டைதான் இருக்கு. கொடுத்தது இருபது. மிச்சம் பதினெட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பான்."

"கேக்கட்டும். நான் வாங்கி வச்சேம்பேன். மச்சான் வலியில கத்துனதைப் பாத்துப் பொறுக்காம வாங்குனேம்பேன். நான்தானே ரெண்டு வருஷம் பாத்தேன்."

"இன்ஸாஃப், கடுங்காவல்டி!"

"தெரியும். பயந்து பயந்து எனக்குப் பாதி உசுருதான் இருக்கு" என்றாள். "உங்க அண்ணனை முதுகுல சுமந்த மனுஷனை அந்த வண்டியில ஏத்தியிருக்காங்க. ராத்திரி இந்த வீட்டுல படுத்துத் தூங்குவியா நீ? நான் தூங்கமாட்டேன்."

அவள் ஏறி முன்னால் உட்கார்ந்தாள். ஷஹாத்தா வாசல்படியில் நின்றான். நான் என்ஜினைப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் அவன் இல்லை. உள்ளே போய்விட்டான் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். "போ அண்ணே" என்றாள்.

ஊர் முடிந்து வயல் வந்தது. அவள் காகிதத்தை மடித்து மடித்துப் பீடி அளவுக்கு ஆக்கி, திரும்பவும் விரித்தாள். எனக்குள்ளே ஒரு கேவலமான எண்ணம் ஓடியது. வண்டி பழுதானால் நன்றாக இருக்குமே, சாவடி எடுத்துவிட்டிருந்தால் நன்றாக இருக்குமே. ஒன்றும் நடக்கவில்லை. பீப்பாய் தெரிந்தது. காலையில் பார்த்த அதே அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நீல வண்டி இன்னும் அங்கேயே நின்றது. சிப்பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா போகிறவன்தானே என்று கம்பைத் தூக்கினான். தூக்கிய கம்புக்குக் கீழே போய்விட எனக்கு ஆசையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், கால் முடுக்கியில்தான் இருந்தது.

கூரையில் தட்டு விழுந்தது. இரண்டு தட்டு. தலைக்கு மேல் தகரம் குழிந்து நிமிர்ந்தது.

இன்ஸாஃப் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தினேன். பின்னால் யாரும் இல்லை என்றுதான் இரண்டு பேரும் அவ்வளவு தூரம் வந்திருந்தோம். ஷஹாத்தா பின்பலகையைத் தாண்டி இறங்கினான். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் பிடியை விட்டுவிட்டு அதிகாரியின் நாற்காலிக்கு முன்னால் போனான்.

"என்ன?" என்றான் அதிகாரி. காலையில் பார்த்த முகம் அவனுக்கு ஞாபகம் இல்லை.

"ஸைன்ஹும் விஷயமா வந்தேன் பாஷா."

"எந்த ஸைன்ஹும்?"

"காலையில நீங்க ஃபாத்திஹா ஓதினீங்களே பாஷா, அவன்தான்" என்றான் ஷஹாத்தா. "அவன் என் அண்ணன். அந்த மாத்திரை என்னுது."

நான் என்ஜினை அணைத்தேன்.